சர்வர் அமைக்கும் கருவியைப் புரோகிராமுக்குள் இழுத்துப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் ப்ராஜெக்டுக்காக அலைகிற பருவம் இது. கருப்பூரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் சில பிள்ளைகள் சந்தேகம் கேட்டு எங்கள் அலுவலகத்துக்கு வருவார்கள். சேலம் ஐந்து ரோடு பக்கம் சின்ன அலுவலகம்தான், கடைகள், விடுதிகள், சேகோ வியாபாரிகள் போன்றவர்களின் சர்வர்களைப் பராமரிப்பது எங்கள் தொழில். வருகிற பிள்ளைகள் கையில் இப்போது அடிக்கடி பார்க்கிற தலைப்பு, "ஒரே பட்டனில் சர்வர் தயார்" என்பது. வெப் பக்கத்தில் ஒரு படிவம் இருக்கும். பெயரை நிரப்பி பட்டனை அழுத்தினால், பின்னால் இருக்கிற புரோகிராம் அன்சிபிள் போன்ற கருவியை ஓட்டி, சர்வரில் தேவையான மென்பொருளை எல்லாம் நிறுவி, அமைப்புகளைச் சரிசெய்து, கடைசியில் பச்சை எழுத்தில் "முடிந்தது" என்று காட்டும். நல்ல தலைப்பு, தேவையான தலைப்பும்கூட. ஆனால் கல்லூரியில் செய்கிறவர்களும் சரி, அதையே தொழிலாகச் செய்து காசு வாங்குகிறவர்களும் சரி, பெரும்பாலும் அதை ஆபத்தான வழியில் செய்கிறார்கள். உங்கள் நாளிதழ் மாணவர்கள் வீட்டிலும் வியாபாரிகள் கடையிலும் ஒருசேரப் படிக்கப்படுவது, அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு சர்வர் இருந்தால் அதில் உட்கார்ந்து கமாண்ட் அடித்து எல்லாவற்றையும் கையால் நிறுவலாம். பத்து, இருபது என்று ஆகும்போது கையால் செய்வது நடக்காது, ஒன்றில் ஒரு வரி விட்டுப்போகும், இன்னொன்றில் பழைய பதிப்பு நின்றுவிடும். இதற்காகத்தான் இந்தக் கருவிகள் வந்தன. 1993-இல் மார்க் பர்ஜெஸ் தொடங்கிய சிஎஃப்எஞ்சின், 2005-இல் பப்பெட், 2009-இல் செஃப், 2011-இல் சால்ட், 2012-இல் மைக்கேல் டிஹான் வெளியிட்ட அன்சிபிள் என்று ஒரு வரிசையே இருக்கிறது. அன்சிபிள் பரவலானதற்குக் காரணம், அமைக்கப்போகும் சர்வரில் அதற்கென்று தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. எஸ்எஸ்எச் என்கிற, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் பாதுகாப்பான வழியாக உள்ளே போகும், வேலையைச் செய்யும், வெளியே வந்துவிடும். எந்தச் சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்பதை யாம்ல் என்கிற எளிய எழுத்து வடிவக் கோப்பில் எழுதிவைக்கிறோம், அதற்குப் பெயர் பிளேபுக். ஒழுங்காக எழுதிய பிளேபுக்கை எத்தனை தடவை ஓட்டினாலும் சர்வர் ஒரே நிலையில்தான் வந்து நிற்கும், ஏற்கெனவே சரியாக இருப்பதை அது தொடாது.

டெர்மினலில், அதாவது கமாண்ட் அடிக்கும் திரையில், உட்கார்ந்து இதை ஓட்டுவதில் பிரச்சினை எதுவும் இல்லை. ஆனால் எல்லோரும் டெர்மினலில் உட்கார முடியாதே. ஏற்காட்டில் விடுதி நடத்துகிறவரையே எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதக் கோடை விழா நெருங்கும்போது முன்பதிவுத் தளத்துக்குக் கூட்டம் வருகிறது, இன்னும் இரண்டு சர்வர் சேர்க்க வேண்டும், விழா முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். அதற்கெல்லாம் ஒவ்வொரு முறையும் எங்களுக்கு போன் போட்டுக் காத்திருக்காமல் தன் திரையிலேயே ஒரு பட்டன் வேண்டும் என்று அவர் கேட்பது நியாயம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்கிறவர் புதுக் கிளைக்கு பில் போடும் மென்பொருளை ஒரு பட்டனில் தொடங்கிவைக்க ஆசைப்படுவதும் அப்படித்தான். ஆக, இந்தக் கருவியை இன்னொரு புரோகிராம் ஓட்ட வேண்டிய தேவை உண்மையானது. எப்படி ஓட்டுவது என்பதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது.

மாணவர்கள் உடனே செய்வது இதுதான்: அன்சிபிள் பைத்தான் மொழியில் எழுதப்பட்டது, என் வெப் புரோகிராமும் பைத்தான், அப்படியானால் அன்சிபிளின் உள் மாட்யூல்களை நேராக இம்போர்ட் செய்துவிட்டால், அதாவது அதன் உள் நிரல்களை என் புரோகிராமுக்குள்ளேயே இழுத்துக்கொண்டால், ஆயிற்று என்று இறங்கிவிடுகிறார்கள். இணையத்தில் தேடினால் அதற்கு உதாரணங்களும் கிடைக்கின்றன. எடுத்து ஒட்டினால் சில ஓடும், பல ஓடாது. ஏன் என்று கேட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள்.

காரணம் ரொம்ப எளிமை. அந்த உள்கட்டமைப்பை வெளியார் பயன்படுத்துவதற்காக அவர்கள் எழுதவே இல்லை. அன்சிபிள் ஆவணத்திலேயே, இந்தப் பைத்தான் ஏபிஐ (புரோகிராமிலிருந்து கூப்பிடும் வழி) எங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கானது, எப்போது வேண்டுமானாலும் மாறும் என்று எழுதியிருக்கிறார்கள். சொன்னபடியே மாறியும் இருக்கிறது. முதல் தலைமுறைப் பதிப்புகளில் ரன்னர் என்று ஒரு கிளாஸ் இருந்தது, நாலு வரியில் வேலை முடியும், பலர் அதை நம்பித் தங்கள் மென்பொருளைக் கட்டினார்கள். 2016 ஜனவரியில் 2.0 வந்தபோது உள்ளே எல்லாவற்றையும் திருத்தி எழுதிவிட்டார்கள், அந்தக் கிளாஸ் காணாமல் போனது. அதற்குப் பதில் டேட்டா லோடர், இன்வென்டரி (சர்வர்களின் பட்டியல்), வேரியபிள் மேனேஜர், டாஸ்க் க்யூ மேனேஜர் என்று நாலைந்து பொருளை நாமே கோத்துக் கொடுக்க வேண்டியதானது. சரி என்று அதைக் கற்றுக்கொண்டவர்களுக்கு 2019-இல் 2.8 வந்தது, ஆப்ஷன்களைக் கொடுக்கும் முறை மறுபடி மாறியது. இணையத்தில் கிடைக்கிற உதாரணம் இதில் எந்தக் காலத்தது என்று அதைப் பார்க்கிற மாணவருக்கு எப்படித் தெரியும்? அந்த 2.8 மாற்றத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஆப்ஷன்கள் இப்போது புரோகிராம் முழுவதற்கும் பொதுவான ஒரே இடத்தில் உட்காருகின்றன. ஒரே புரோகிராமுக்குள் இரண்டு பேருடைய வேலை ஒரே நேரத்தில் ஓடினால் ஒருவருடைய அமைப்பு இன்னொருவர் மேல் ஏறும். வெப் புரோகிராமில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்துவது அபூர்வமா என்ன?

அப்புறம் செலரி. நீண்ட வேலையைப் பின்னணியில் ஓட்ட பைத்தான்காரர்கள் வழக்கமாகப் பயன்படுத்துவது அது. அன்சிபிளோ ஒவ்வொரு சர்வருக்கும் வேலை பார்க்கத் தனக்குக் கீழே துணை ப்ராசஸ்களை, அதாவது தனியாக ஓடும் புரோகிராம்களை, கிளப்பும். செலரியின் வொர்க்கருக்குள் (பின்னணி வேலையை ஓட்டும் ப்ராசஸுக்குள்) அதை இம்போர்ட் செய்து ஓட்டினால், டீமன் எனப்படும் இந்த வகைப் பின்னணி ப்ராசஸ் தனக்குக் குழந்தை ப்ராசஸ் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பைத்தான் முகத்தில் அடித்தாற்போல் ஒரு பிழையைக் காட்டி நின்றுவிடும். இதற்கு மாற்றுவழி தேடி மாணவர்கள் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அவர்கள் சண்டை போடுவது தேவையே இல்லாத ஒன்றோடு. லாரியை ஓட்ட ஸ்டீயரிங் இருக்கும்போது பானெட்டைத் திறந்து உள்ளே இருக்கிற கம்பிகளைப் பிடித்து ஓட்டப் பார்ப்பது போன்றது இது.

அன்சிபிள்காரர்கள் நமக்காகத் தந்திருக்கும் ஸ்டீயரிங் அன்சிபிள்-பிளேபுக் என்கிற கமாண்ட்தான். உங்கள் புரோகிராம் அதைத் தனி ப்ராசஸாகக் கிளப்பட்டும், அது வேலையை முடித்துவிட்டு வெளியேறட்டும், நீங்கள் முடிவை வாங்கிக்கொள்ளுங்கள். "கமாண்டைக் கூப்பிடுவது கௌரவமாக இல்லையே சார், லைப்ரரி மாதிரி செய்தால்தானே நல்ல மார்க்" என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். அந்த எண்ணம் தவறு என்பதற்கு அன்சிபிளை எழுதுகிறவர்களே சாட்சி. ரெட் ஹேட் நிறுவனம் அன்சிபிளை 2015-இல் வாங்கியது. அவர்களுடைய வெப் திரை மென்பொருளான ஏடபிள்யூஎக்ஸ் 2017-இல் திறந்த மூலமாக வந்தது. நம் மாணவர்கள் செய்ய நினைக்கிற அதே பட்டன் வேலையைத்தான், உலகம் முழுக்கப் பெரிய நிறுவனங்களில், அது செய்கிறது. அது அன்சிபிளை இம்போர்ட் செய்வதில்லை. அன்சிபிள் ரன்னர் என்று ஒரு தனி லைப்ரரி வைத்திருக்கிறார்கள் (முன்பு சொன்ன ரன்னர் கிளாஸ் வேறு, இது வேறு), அது கமாண்டைத் தனி ப்ராசஸாக ஓட்டி, நடப்பதை எல்லாம் நிகழ்வு நிகழ்வாக ஜேசன் என்கிற, புரோகிராம் எளிதில் படிக்கும் வடிவில் உங்கள் புரோகிராமுக்குச் சொல்கிறது. அந்த லைப்ரரி உங்களுக்கும் எனக்கும் இலவசமாகவே கிடைக்கிறது.

அதில் எனக்குப் பிடித்தது அதன் ஒழுங்கு. ஒரு வேலைக்கு ஒரு ஃபோல்டர். உள்ளே இன்வென்டரிக்கு ஒரு இடம், பிளேபுக்குக்கு ஒரு இடம், சாவிகளுக்கும் அமைப்புகளுக்கும் ஒரு இடம். ஓடி முடிந்ததும் ஆர்ட்டிஃபாக்ட்ஸ் என்கிற ஃபோல்டரில் முடிவு, வெளியேறும் எண், திரையில் வந்த எழுத்து, ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு கோப்பு என்று எல்லாம் இருக்கும். ஆறு மாதம் கழித்து "அன்றைக்கு எந்தச் சர்வரில் எது மாறியது" என்று கேட்டால் எடுத்துக் காட்டலாம். ஒரு வேலை இவ்வளவு நேரத்துக்கு மேல் ஓடக் கூடாது, இவ்வளவு நேரம் பேச்சு மூச்சில்லாமல் இருந்தால் நிறுத்திவிடு என்று இரண்டு விதமாகக் கெடு வைக்கலாம். நடுவில் ரத்து செய்யவும் வழி இருக்கிறது. உரிம விஷயமும் உண்டு: அன்சிபிள் ஜிபிஎல் என்கிற திறந்த மூல உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் வருவது, அதை உங்கள் மென்பொருளுக்குள்ளேயே இம்போர்ட் செய்து மூலத்தைக் காட்டாமல் விற்றால் உரிமக் கேள்வி வரும். அன்சிபிள் ரன்னர் அப்பாச்சி உரிமத்தில் இருப்பது, அதில் அந்தக் கட்டாயம் இல்லை. வியாபாரமாகச் செய்கிறவர்கள் இதை விற்பதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

எல்லாக் கருவிக்கும் இதே விதிதான் என்று நான் சொல்லவில்லை. சால்டில் லோக்கல் கிளையன்ட் என்று பைத்தான் வழியை அவர்களே ஆவணப்படுத்தி, பயன்படுத்துங்கள் என்று தந்திருக்கிறார்கள், அங்கே இம்போர்ட் செய்வது சரியான வழி. கிளவுடில் சர்வர்களை உருவாக்கும் கருவியான டெராஃபார்மில் நேர் எதிர், 2021-இல் 1.0 வருவதற்கு முன்பே தங்கள் கோ மொழிப் பேக்கேஜ்களை வெளியார் இம்போர்ட் செய்ய முடியாத இடத்துக்கு நகர்த்திவிட்டு, வேண்டுமானால் கமாண்டை ஓட்டும் இந்த லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தனியாக ஒன்றைக் கொடுத்தார்கள். கருவியை எழுதியவர் எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார் என்பதைப் பார்த்து அந்தக் கதவு வழியாகப் போக வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

கமாண்டாக ஓட்டுகிறவர்கள் எல்லாம் சரியாகச் செய்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. இங்கேதான் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய பகுதி வருகிறது.

ஏற்காட்டில் எனக்குத் தெரிந்த விடுதிக்காரர் ஒருவருக்கு ஒரு நிறுவனம் இப்படித் திரை செய்து கொடுத்திருந்தது. பாதுகாப்பு அப்டேட் போடுவதற்கு ஒரு பட்டன். அவர் ஒழுங்காக அழுத்திக்கொண்டே வந்திருக்கிறார், ஒவ்வொரு முறையும் பச்சையில் "வெற்றி" என்று வந்திருக்கிறது. நாங்கள் போய்ப் பார்த்தபோது அவருடைய சர்வர்களில் ஒன்றுக்கு அப்டேட்டே போகவில்லை. அந்தச் சர்வரின் எஸ்எஸ்எச் சாவி எப்போதோ மாற்றப்பட்டிருந்தது, அதனால் அன்சிபிளால் உள்ளேயே நுழைய முடியவில்லை. அன்சிபிள் அதை மறைக்கவும் இல்லை, ஒவ்வொரு முறையும் தெளிவாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நடுவில் இருந்த புரோகிராம்தான் அதைக் காதில் வாங்கவில்லை. "தம்பி, பச்சையா வந்தா முடிஞ்சிருச்சுன்னுதானுங்க அர்த்தம்?" என்று அவர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்தப் பச்சையை எழுதியவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

ஒரு கமாண்ட் முடியும்போது ஒரு எண்ணைத் தந்துவிட்டுப் போகும். அன்சிபிள்-பிளேபுக் 0 தந்தால் நல்லபடி முடிந்தது, 2 தந்தால் ஏதோ ஒரு சர்வரில் வேலை தோற்றது, 4 தந்தால் ஏதோ ஒரு சர்வரைத் தொடவே முடியவில்லை. இந்த எண்ணைப் பார்க்காமல், கமாண்டைக் கிளப்பினோம், அது முடிந்தது, பச்சை காட்டு என்று எழுதியிருந்தார்கள். இன்னும் சிலர் திரையில் வருகிற எழுத்தில் "ஓகே" என்ற சொல் இருக்கிறதா என்று தேடி முடிவு சொல்கிறார்கள். ஒன்பது சர்வரில் ஓகே, பத்தாவதில் தோல்வி என்றாலும் அந்தச் சொல் அங்கே இருக்கத்தானே செய்யும்!

எண்ணை மட்டும் பார்த்தாலும் போதாது. இது பலருக்குத் தெரியாத ஒன்று, தயவுசெய்து கவனியுங்கள். பிளேபுக்கில் எந்தச் சர்வர் குழுவுக்கு வேலை என்று எழுதியிருக்கும். அந்தக் குழுவின் பெயரில் ஒரு எழுத்து மாறிப்போய் இன்வென்டரியில் ஒரு சர்வரும் பொருந்தவில்லை என்று வையுங்கள். அன்சிபிள் "பொருந்தும் சர்வர் இல்லை, தாண்டிப் போகிறேன்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு 0 தந்து வெளியேறிவிடும். எதையுமே தொடவில்லை, ஆனால் கணக்கில் வெற்றி. ஆகவே கடைசியில் வருகிற கணக்கைச் சர்வர் வாரியாக எடுத்து, நான் எந்தெந்தச் சர்வரைக் கேட்டேனோ அவை எல்லாம் இதில் இருக்கின்றனவா, ஒவ்வொன்றிலும் தோல்வியும் தொட முடியாததும் பூஜ்யமா என்று புரோகிராம் சரிபார்க்க வேண்டும். ஜேசன் வடிவில் முடிவைத் தரச் சொன்னால் இது சில வரிகளில் முடிகிற வேலை. அதன் பிறகுதான் பச்சை காட்டலாம்.

அடுத்தது இதைவிடப் பெரிது. படிவத்தில் பயனர் நிரப்புகிற பெயரை அப்படியே கமாண்ட் வரியில் ஒட்டி ஷெல்லுக்கு (கமாண்டைப் படித்து ஓட்டும் புரோகிராமுக்கு) அனுப்புவது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அரைப்புள்ளியைப் போட்டு அதற்குப் பின்னால் இன்னொரு கமாண்டை எழுதினால் ஷெல் அதையும் ஓட்டிவிடும். இதைக் கல்லூரியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள், ஷெல் வழியாகப் போகாமல் ஆர்கியுமென்ட்களைப் பட்டியலாகக் கொடுத்தால் தப்பிக்கலாம் என்று பல மாணவர்களுக்குத் தெரியும். ஆனால் அதோடு முடிந்துவிட்டது என்று நினைப்பதில்தான் ஆபத்து. அன்சிபிளுக்குள் ஜிஞ்சா என்கிற டெம்ப்ளேட் மொழி ஓடுகிறது. எக்ஸ்ட்ரா வார்ஸ் என்கிற, பிளேபுக்குக்கு வெளியிலிருந்து மதிப்பு கொடுக்கும் வழியில் நீங்கள் கொடுக்கிற மதிப்பை அது நம்பகமானதாக எடுத்துக்கொள்ளும். அதில் இரட்டை நெளிவு அடைப்புக்குறி இருந்தால் உள்ளே இருப்பதைக் கணக்கிடப் பார்க்கும். லுக்அப் என்ற வசதியில் பைப் என்று ஒன்று இருக்கிறது, அது கமாண்டையே ஓட்டித் தரும், அதுவும் தொலைவில் இருக்கிற சர்வரில் ஓடாது, அன்சிபிள் ஓடுகிற உங்கள் இயந்திரத்திலேயே ஓடும். எல்லாச் சர்வர்களின் சாவியும் இருக்கிற இயந்திரம் அது! விடுதிப் பெயர் என்கிற ஒரு சின்னப் பெட்டியில் ஒரு வரி எழுதி எல்லாவற்றையும் ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விடலாம். தேர்வுக் குழுவில் இருக்கும் ஆசிரியர்கள் இதை ஒரு முறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். தீர்வு கடினமே இல்லை. பெயர் என்றால் எழுத்து, எண், சிறு கோடு மட்டும், இவ்வளவு நீளத்துக்குள் என்று வரையறுத்து, மற்றதை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அதிகாரம் வேண்டிய விருப்பங்களைப் பயனரை எழுத விடாமல் பட்டியலிலிருந்து எடுக்க வையுங்கள்.

கடவுச்சொல்லையும் கமாண்ட் வரியில் எழுதாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களின் பட்டியலைக் கேட்டால் அதே இயந்திரத்தில் இருக்கிற யார் வேண்டுமானாலும் சாதாரணமாக அந்த வரியைப் படித்துவிடலாம். அன்சிபிள் வால்ட் இருக்கிறது, மறைகுறியாக்கிய கோப்பில் வையுங்கள். ரகசியம் கையாளும் வேலைகளுக்கு நோ லாக் என்ற குறியைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் ஆசையாகச் சேர்த்துவைத்த நிகழ்வுக் கோப்புகளிலேயே கடவுச்சொல் உட்கார்ந்திருக்கும்.

எல்லாச் சாவியும் ஒரே இயந்திரத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. 2020 ஏப்ரல் கடைசியில் சால்ட் கருவியில் மற்ற சர்வர்களுக்கு வேலை ஏவுகிற மாஸ்டர் சர்வரில் இரண்டு ஓட்டைகள் இருப்பது வெளியே தெரிந்தது. உள்நுழைவுச் சரிபார்ப்பே இல்லாமல் மாஸ்டரிடம் வேலை ஏவ முடிந்தது. திருத்தம் வந்த சில நாட்களுக்குள், மே முதல் வாரத்திலேயே, அதைப் போடாத சர்வர்களைத் தேடிப் பிடித்தார்கள். லீனியேஜ் ஓஎஸ் என்கிற ஆண்ட்ராய்டு மென்பொருள் திட்டத்தின் சர்வர்களும் கோஸ்ட் என்ற வலைப்பதிவுத் தளத்தின் சர்வர்களும் அதில் அடிபட்டன. கோஸ்டின் சர்வர்களில் கிரிப்டோ நாணயம் தோண்டும் மென்பொருளை ஏற்றிவிட்டிருந்தார்கள், சிபியு திடீரென்று எகிறியதால்தான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் எல்லாம் விவரமில்லாதவர்கள் இல்லை. அப்படி இருக்கும்போது பட்டன் இருக்கிற வெப் சர்வரிலேயே எல்லாச் சாவியையும் வைத்து, அதை இணையத்துக்கும் திறந்துவைப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். வெப் சர்வர் "இந்த வேலை வேண்டும்" என்று ஒரு வரிசையில் சீட்டுப் போடட்டும். வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாத இன்னொரு இயந்திரம் அந்தச் சீட்டை எடுத்து, முன்பே எழுதி ஒப்புதல் கொடுத்த பிளேபுக்குகளில் ஒன்றை மட்டும் ஓட்டட்டும். சாவி அங்கே மட்டும் இருக்கட்டும். இதற்குச் செலவு ஒரு சின்ன இயந்திரம்தான்.

இப்படிப் பிரிப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, மலையில் இருப்பவர்களுக்கு அது ரொம்பவே முக்கியம். மழைக்காலத்தில் ஏற்காட்டில் மின்சாரமும் சிக்னலும் போய் வருவது உங்களுக்கே தெரியும். விடுதிக்காரர் பட்டனை அழுத்துகிறார், பாதியில் நெட் போகிறது. வெப் புரோகிராம் தன் கோரிக்கைக்குள்ளேயே அன்சிபிளை ஓட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? நெட் போகாவிட்டாலும் சிக்கல்தான், முன்னால் நிற்கும் வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் பின்னாலிருந்து பதில் வராமல் 60 விநாடிக்கு மேல் காத்திருக்காது, பைத்தான் வெப் புரோகிராமை ஓட்டும் குனிகார்ன் 30 விநாடியில் பொறுமை இழந்து வொர்க்கரைக் கொன்றுவிடும், நாம் எதையும் மாற்றாவிட்டால் இவைதான் அவற்றின் அளவு. ஒரு சர்வரை அமைக்க நிமிடக்கணக்கில் ஆகும். ஆகவே வேலை பாதியில் அறுந்து நிற்கும், அல்லது வேலை ஓடிக்கொண்டே இருக்கும்போது திரையில் பிழை வரும். பிழையைப் பார்த்தவர் மறுபடி அழுத்துவார், யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். இப்போது ஒரே சர்வரில் இரண்டு ஓட்டம், உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் ஆப்ட்டின் பூட்டு ஒருவர் கையில், மற்றவர் வெளியே நின்று தோற்கிறார், கான்ஃபிக் கோப்பை இரண்டு பேரும் எழுதுகிறார்கள். பட்டனை அழுத்தியதும் "சீட்டு எண் இது, வேலை வரிசையில் இருக்கிறது" என்று உடனே சொல்லிவிட்டு, அதே சர்வருக்கு இன்னொரு வேலை ஓடும்போது இரண்டாவதைக் காத்திருக்க வைத்தால் இந்தத் தொல்லை முழுவதும் போய்விடும். நெட் திரும்பி வந்ததும் சீட்டு எண்ணைப் போட்டு முடிவைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒத்திகையாக ஓட்டிப் பார்க்கும் செக் முறை இருக்கிறதே, அதை முதலில் ஓட்டிவிட்டால் பாதுகாப்புதானே என்று சிலர் கேட்பார்கள். நல்ல பழக்கம், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை முழுக்க நம்ப வேண்டாம். ஷெல், கமாண்ட் மாட்யூல்களில் எழுதிய வேலைகளை ஒத்திகையில் அது பெரும்பாலும் ஓட்டாமல் தாண்டிவிடும், அவற்றின் விளைவை நம்பியிருக்கிற அடுத்த வேலைகள் ஒத்திகையில் ஒன்று சொல்லும், நிஜத்தில் வேறு செய்யும்.

ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் ஐடி பூங்கா வந்திருக்கிறது, சென்னைக்கும் பெங்களூருக்கும் போன பிள்ளைகளில் சிலர் ஊருக்குத் திரும்பி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள், சின்னச் சின்ன நிறுவனங்கள் தொடங்குகிறார்கள். எனக்கு இதில் மனப்பூர்வமான மகிழ்ச்சி. சேலத்து வியாபாரி சேலத்துப் பிள்ளையிடமே வேலை கொடுக்க வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். அதனால்தான் இவ்வளவு எழுதினேன். ஒரு முறை "பச்சை வந்தது, ஆனால் வேலை நடக்கவில்லை" என்று ஒரு வியாபாரி சுட்டுக்கொண்டால் அடுத்த வேலையை அவர் வெளியூருக்குக் கொடுத்துவிடுவார், அதன் நஷ்டம் ஒழுங்காகச் செய்கிற பத்துப் பேருக்கும் சேர்த்துத்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர்களுக்கான பக்கத்தில் எந்த மொழி படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று எழுதுகிறீர்கள், அது வேண்டும்தான். அதோடு இந்த மாதிரி உள்வேலைகளைப் பற்றியும் தமிழில் எழுதச் சொல்லுங்கள். இவற்றைப் பற்றித் தமிழில் தேடினால் ஒரு பிளேபுக்கை எப்படி எழுதுவது என்பது வரை ஏதாவது கிடைக்கிறது, அதைப் புரோகிராமிலிருந்து பத்திரமாக ஓட்டுவது பற்றிக் கிடைப்பது மிகக் குறைவு. ஆங்கில ஆவணத்தைப் பார்த்தாலே தயங்கி, இணையத்தில் கிடைத்ததை ஒட்டிவிட்டுப் போகும் பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறைய. அவர்களுக்குத் திறமை குறைவில்லை, சொல்வதற்கு ஆள்தான் வேண்டும். உங்கள் பக்கத்தில் இடம் கொடுத்தால் எங்கள் அலுவலகத்தில் உள்ளவர்கள் எழுதித் தரத் தயாராக இருக்கிறோம், சன்மானம் எதுவும் வேண்டாம்.

வியாபாரிகளுக்கும், ப்ராஜெக்ட் மதிப்பிடும் ஆசிரியர்களுக்கும் ஒரே ஒரு சோதனையைச் சொல்கிறேன், கணினி அறிவு எதுவும் வேண்டாம். திரையைச் செய்து கொடுத்தவரை எதிரில் உட்கார வைத்து, சோதனைச் சர்வர்களில் ஒன்றை அணைக்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்தப் பட்டனை நீங்களே அழுத்துங்கள். எந்தச் சர்வருக்கு வேலை போகவில்லை என்று பெயர் சொல்லிச் சிவப்பில் காட்டினால் மீதிப் பணத்தைக் கொடுங்கள். பச்சை வந்தால் கொடுக்காதீர்கள், திருத்திக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.